எது போகும், எது நிற்கும்: ஆர்சிங்க் விதிகளுக்கு ஓர் எளிய அறிமுகம்

ஒரு வேர்ட்பிரஸ் தளம் இரண்டு சர்வர்களில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். வேலையெல்லாம் முதல் சர்வரில்தான் நடக்கிறது. கட்டுரை எழுதுகிறவர்கள் படம் ஏற்றுவதும், தீம் மாற்றுவதும், பிளகின் போடுவதும் அங்கேதான். அது படுத்துவிட்டால் அந்த இடத்தில் வந்து நிற்பதற்காக இரண்டாவது சர்வர். அதற்காக, சில நிமிடங்களுக்கு ஒருமுறை முதல் சர்வரின் ஃபோல்டரை இரண்டாவதுக்கு நகலெடுக்கிறோம். இப்படி ஒரு சர்வரில் உள்ளதை இன்னொன்றிலும் அதேபோல வைத்திருப்பதைத்தான் ரெப்ளிகேஷன் என்கிறார்கள்.

முழு ஃபோல்டரையும் அப்படியே அனுப்பிவிட்டால் என்ன? அனுப்பலாம். ஆனால் அதற்குள் டபிள்யூபி-கான்ஃபிக் என்று ஒரு கோப்பு இருக்கிறது. எந்த டேட்டாபேஸோடு பேச வேண்டும், அதன் பாஸ்வேர்ட் என்ன என்பதெல்லாம் அதில்தான் இருக்கும். இரண்டாவது சர்வருக்கென்று தனி டேட்டாபேஸ் வைத்திருந்தால், அதன் விலாசம் எழுதிய கோப்பை முதல் சர்வரின் கோப்பு அழித்து எழுதிவிடும். அதற்குப் பிறகு இரண்டாவது சர்வர் ஒவ்வொரு பக்கத்துக்கும் முதல் சர்வரின் டேட்டாபேஸைத் தேடிப் போகும். வெளியிலிருந்து பார்த்தால் தளம் நன்றாகவே ஓடுவதாகத் தெரியும். முதலாவது படுக்கும் நாளில் இதுவும் கூடவே படுக்கும்போதுதான் விஷயம் வெளியே வரும்.

ஆகவே எதை அனுப்புவது, எதை நிறுத்துவது என்று சொல்லித்தான் ஆக வேண்டும். அதைச் சொல்லும் முறை கருவிக்குக் கருவி கொஞ்சம் மாறும். இங்கே ஆர்சிங்க்கை எடுத்துக்கொள்கிறேன். 1996இல் ஆஸ்திரேலியாவின் கான்பெராவில் ஆண்ட்ரூ டிரிட்ஜெல், பால் மெக்கரஸ் இருவரும் வெளியிட்ட கருவி இது. லினக்ஸும் விண்டோஸும் கோப்புகளைப் பகிர்ந்துகொள்ள உதவும் சாம்பா என்ற மென்பொருளைத் தொடங்கியவரும் அதே டிரிட்ஜெல்தான். இன்றைக்கும் லினக்ஸ் சர்வர்களுக்கு நடுவே கோப்பு நகர்த்துகிறவர்களில் பலர் முதலில் தேடுவது இதைத்தான். கட்டளைகளிலும் கோப்புப் பெயர்களிலும் ஆங்கில எழுத்தில் தட்ட வேண்டியவற்றை இங்கே தமிழிலேயே எழுதியிருக்கிறேன்.

இது யாருடைய கோப்பு?

விதி எழுத உட்காரும்போது பலரும் "பெரிய கோப்பு வேண்டாம், தேவையில்லாதது வேண்டாம்" என்று தொடங்குவார்கள். எனக்கு அது சரியான தொடக்கமாகப் படவில்லை. ஒவ்வொரு கோப்பையும் பார்த்து, இதற்குச் சொந்தக்காரர் யார் என்று கேட்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

அப்லோட்ஸ் ஃபோல்டரில் ஆண்டு, மாத வாரியாக இருக்கும் படங்கள் முதல் சர்வருக்குச் சொந்தம். அங்கே பிறக்கின்றன, அங்கே அழிகின்றன. இரண்டாவது சர்வரில் இருப்பவை வெறும் நகல். இவை கட்டாயம் போக வேண்டும். கான்ஃபிக் கோப்பு அப்படியில்லை. இரண்டு சர்வரிலும் ஒரே பெயரில் இருக்கிறது, ஆனால் ஒவ்வொன்றும் அந்தந்த இயந்திரத்துக்குச் சொந்தம். லாக் கோப்புகளும் இந்த வகைதான். இரண்டாவது சர்வரில் யார் வந்து போனார்கள் என்ற பதிவின் மேல் முதல் சர்வரின் பதிவு போய் விழுந்தால், பிறகு பிரச்சினை வரும்போது தேடிப் பார்க்க ஒன்றும் இருக்காது. கேஷ் ஃபோல்டரும் தற்காலிகக் கோப்புகளும் யாருக்குமே சொந்தமில்லாதவை. அழித்தால் தானாகவே மறுபடி உருவாகும். அவற்றை அனுப்புவது நெட்வொர்க்குக்கு வீண் வேலை.

டேட்டாபேஸ் ஓடிக்கொண்டிருக்கும்போது அதன் கோப்புகள் எந்த வகையிலும் சேராது. வேர்ட்பிரஸ் பயன்படுத்தும் மைஎஸ்கியூஎல் என்ற டேட்டாபேஸ் தன் தரவை வைத்திருக்கும் ஃபோல்டரில் ஒரு கோப்பை நகலெடுத்து முடிப்பதற்குள் பக்கத்துக் கோப்பு மாறியிருக்கும். நகலில் ஒன்று பழசும் ஒன்று புதிசுமாகக் கலந்துபோய், திறந்தால் திறக்காது, அல்லது திறந்து தப்பான கணக்குக் காட்டும். அந்த ஃபோல்டரை விலக்கிவிட்டு, டேட்டாபேஸ் தரும் சொந்த ரெப்ளிகேஷனையோ, தரவை ஒரே கோப்பாக எழுதித் தரும் மைஎஸ்கியூஎல்டம்ப் கருவி எடுத்த கோப்பையோ பயன்படுத்துவதுதான் வழி.

விலக்கு விதி இரண்டு வேலை செய்யும்

ஆர்சிங்க்கில் ஒரு கோப்பை நிறுத்த எக்ஸ்க்ளூட் என்ற தெரிவைக் கொடுக்கிறோம். "*.லாக்" என்று எழுதினால் லாக் என்று முடியும் எந்தக் கோப்பும் போகாது. இதுவரை எல்லோருக்கும் தெரிந்ததுதான்.

தெரியாமல் போவது இதன் மறுபாதி. ரெப்ளிகேஷனில் பெரும்பாலும் டிலீட் தெரிவையும் சேர்த்தே கொடுப்பார்கள். முதல் சர்வரில் அழித்த கோப்பு இரண்டாவதிலும் அழிய வேண்டும் என்பதற்காக. இப்போது ஒரு கேள்வி. முதல் சர்வரின் கான்ஃபிக்கை விலக்கிவிட்டோம். அப்படியானால், அனுப்பும் பட்டியலில் அந்தப் பெயரே இல்லை. "அங்கே இல்லாதது இங்கே எதற்கு" என்று இரண்டாவது சர்வரின் கான்ஃபிக்கை ஆர்சிங்க் அழித்துவிடுமா?

அழிக்காது. விலக்கு விதி அனுப்பும் பக்கத்தில் கோப்பை மறைக்கிறது. வாங்கும் பக்கத்தில் அதே பெயருள்ள கோப்பைக் காப்பாற்றுகிறது. அனுப்பாதே என்பதோடு அங்கே இருப்பதைத் தொடாதே என்றும் அது சொல்கிறது. நம்முடைய கான்ஃபிக்குக்கும் லாக்குக்கும் வேண்டியதும் இதுதான்.

இந்தக் காவல் சில சமயம் இடைஞ்சலும் ஆகும். முதல் சர்வரில் பழைய பிளகின் ஒன்றை ஃபோல்டரோடு நீக்குகிறீர்கள். இரண்டாவதில் அந்தப் பிளகின் ஃபோல்டருக்குள் ஒரு லாக் கோப்பு கிடக்கிறது. மற்றதெல்லாம் அழியும், லாக் மட்டும் காவலில் இருப்பதால் நிற்கும். ஃபோல்டர் காலியாகவில்லை, அதனால் அழிக்க முடியவில்லை என்று ஒவ்வொரு தடவையும் புலம்பல் வரும். விதியோடு "பி" (பெரிஷபிள் என்பதன் முதலெழுத்து) என்ற குறியைச் சேர்த்தால், மேலே இருக்கும் ஃபோல்டரே அழியும்போது அந்தக் காவல் செல்லாது. சிங்க்திங் என்ற இன்னொரு கோப்பு நகல் கருவியைப் பயன்படுத்துகிறவர்களுக்கும் இதே தலைவலி உண்டு, அங்கே விதிக்கு முன்னால் "(?டி)" என்று போட்டால் தீரும்.

விலக்கியவற்றை வாங்கும் பக்கத்திலும் அழித்துத் தள்ளு என்று சொல்ல டிலீட்-எக்ஸ்க்ளூடட் என்று தனித் தெரிவு இருக்கிறது. பெயரைப் பார்த்தால் டிலீட்டின் தம்பி போலச் சாதுவாகத் தெரியும். கான்ஃபிக்கை விலக்கியிருக்கும் சர்வரில் இதைக் கொடுத்தால் கான்ஃபிக் போய்விடும். எதற்கென்று தெரிந்துகொண்டு தொடுங்கள்.

மேலிருந்து கீழே, முதலில் பொருந்துவது

விதிகள் பல இருந்தால் எது ஜெயிக்கும்? ஆர்சிங்க் பட்டியலை மேலிருந்து படிக்கும். ஒரு கோப்புக்கு எந்த விதி முதலில் பொருந்துகிறதோ அதுதான் தீர்ப்பு. அதற்குக் கீழே என்ன எழுதியிருந்தாலும் பார்க்காது. எந்த விதியும் பொருந்தவில்லை என்றால் கோப்பு போகும்.

எல்லா லாக்கையும் நிறுத்தி, ஆடிட்.லாக் ஒன்றை மட்டும் அனுப்ப வேண்டும் என்றால், இன்க்ளூட் (சேர்) விதியாக "ஆடிட்.லாக்" மேலே வர வேண்டும், அதற்குக் கீழே எக்ஸ்க்ளூட் விதியாக "*.லாக்". மாற்றி எழுதினால் முதல் வரியே ஆடிட்டையும் பிடித்து நிறுத்திவிடும். எந்தப் பிழைச் செய்தியும் வராது. நிரல் மாற்றங்களைப் பதிவுசெய்யும் கிட் கருவியின் இக்னோர் கோப்பில் பழகியவர்கள் இதில் அடிக்கடி வழுக்குவார்கள், ஏனென்றால் அங்கே கடைசியில் பொருந்தும் வரிதான் ஜெயிக்கும்.

அடுத்த சிக்கல் ஃபோல்டர். ஆர்சிங்க் ஃபோல்டர் ஃபோல்டராக இறங்கிப் போகும். ஒரு ஃபோல்டர் விலக்கப்பட்டால் அதற்குள் எட்டிக்கூடப் பார்க்காது. தெருவுக்குள்ளேயே நுழையாத தபால்காரர் அந்தத் தெருவின் கடைசி வீட்டுக் கதவைத் தட்ட முடியாது, அவ்வளவுதான். "டேட்டா" ஃபோல்டரை விலக்கிவிட்டு "டேட்டா/ரிப்போர்ட்/முக்கியம்.பிடிஎஃப்" மட்டும் சேர் என்று எழுதினால், இரண்டு வரியும் சரியாகத் தெரிந்தாலும் கோப்பு போகாது. வழியில் வரும் ஒவ்வொரு ஃபோல்டரையும் தனித்தனியாகச் சேர்த்துவிட்டு, கடைசியில்தான் மற்றதை விலக்க வேண்டும்.

"படங்கள் மட்டும் போனால் போதும்" என்று கேட்கிறவர்கள் நிறைய. அவர்களுக்கு மூன்று வரி: முதலில் "*/" சேர், அடுத்து "*.ஜேபிஜி" சேர், கடைசியில் "*" விலக்கு. முதல் வரி எல்லா ஃபோல்டருக்குள்ளும் இறங்க அனுமதி. இரண்டாவது, வேண்டிய கோப்பு. மூன்றாவது, மிச்சம் எல்லாம் வேண்டாம். முதல் வரியை விட்டால் மேல் ஃபோல்டரில் கிடக்கும் படங்கள் மட்டும் போகும். முதல் வரி இருப்பதால் படமே இல்லாத ஃபோல்டர்களும் காலியாகப் போய்ச் சேரும். அது பிடிக்கவில்லை என்றால் ப்ரூன்-எம்ப்டி-டிர்ஸ் என்ற தெரிவு இருக்கிறது.

ஒரு சாய்கோடு

விதியின் முதலில் வரும் சாய்கோடு, கடைசியில் வரும் சாய்கோடு, இரண்டுக்கும் பொருள் வேறு. "கேஷ்" என்று மட்டும் எழுதினால் அந்தப் பெயரில் எங்கே எது இருந்தாலும் நிற்கும், அது கோப்பாக இருந்தாலும் சரி, ஏழு படி ஆழத்தில் இருக்கும் ஃபோல்டராக இருந்தாலும் சரி. "கேஷ்/" என்றால் ஃபோல்டர் மட்டும். "/கேஷ்/" என்றால் மேல்மட்டத்தில் இருக்கும் கேஷ் ஃபோல்டர் ஒன்று மட்டும்.

அந்த மேல்மட்டம் எது என்பதில்தான் பலரும் மாட்டுகிறார்கள். அது சர்வரின் ரூட், அதாவது எல்லா ஃபோல்டருக்கும் மேலே இருக்கும் ஃபோல்டர், இல்லை. நீங்கள் அனுப்பும் மரத்தின் உச்சி. அந்த உச்சியும் நீங்கள் மூல ஃபோல்டரின் பெயரை எப்படி எழுதுகிறீர்கள் என்பதைப் பொறுத்து நகரும். "/வர்/தளம்/" என்று கடைசியில் சாய்கோடு போட்டால் தளத்துக்கு உள்ளே இருப்பவை போகும். உச்சி தளத்துக்குள் இருக்கிறது, விதி "/கேஷ்/". சாய்கோடு இல்லாமல் "/வர்/தளம்" என்றால் தளம் என்ற ஃபோல்டரே போகும்; இப்போது விதி "/தளம்/கேஷ்/" என்று இருந்தால்தான் பிடிக்கும். "/வர்/தளம்/கேஷ்/" என்று முழுப் பாதையையும் எழுதினால் இரண்டிலுமே பொருந்தாது. விலக்கியதாக நினைத்திருப்போம், கேஷ் முழுக்கப் போய்க்கொண்டே இருக்கும்.

நட்சத்திரத்துக்கு வந்தால், ஒற்றை "*" சாய்கோட்டைத் தாண்டாது, இரட்டை "**" தாண்டும். கட்டளை வரியில் எழுதும்போது மேற்கோள் குறிக்குள் போடுங்கள். இல்லையென்றால் ஆர்சிங்க்கின் கைக்குப் போவதற்குள், நீங்கள் தட்டும் கட்டளையை முதலில் படிக்கும் ஷெல்லே அதைப் பொருந்தும் கோப்புப் பெயர்களாக விரித்துவிடக்கூடும். மூல ஃபோல்டரைக் குறிக்க "தளம்/*" என்று எழுதும் பழக்கமும் வேண்டாம். அதை விரிப்பதும் ஷெல்தான். புள்ளியில் தொடங்கும் மறைகோப்புகள் பொதுவாக அதில் வராது. மேல்மட்டத்தில் டிலீட்டும் வேலை செய்யாது.

நீங்கள் எழுதாத விதிகள்

சில விதிகளை நாம் எழுதுவதில்லை, கருவியே வைத்துக்கொண்டு வருகிறது. விண்டோஸ் சர்வரின் டிஎஃப்எஸ் ரெப்ளிகேஷனில் "~*", "*.பேக்", "*.டிஎம்பி" மூன்றும் தொடக்கத்திலேயே விலக்கப்பட்டிருக்கும். போதாததற்கு, தற்காலிகக் கோப்பு என்ற பண்பு ஒட்டியிருக்கும் எந்தக் கோப்பையும் அது அனுப்பாது. ஏதோ ஒரு மென்பொருள் அந்தப் பண்பைச் சாதாரண ஆவணத்துக்கு ஒட்டிவிட்டால், பட்டியலில் எங்கேயும் இல்லாத காரணத்துக்காக ஆவணம் நின்றுபோகும்.

ஆர்சிங்க்கில் இப்படித் தயாராக வரும் பட்டியல் ஒன்று உண்டு. பெரிய சி தெரிவைக் கொடுத்தால் மட்டுமே அது இயங்கும். நிரல் எழுதுகிறவர்களின் குப்பைகளை ஒதுக்குவதற்காக வந்தது: ".கிட்/" ஃபோல்டர், "*.பேக்", "*~" இந்த மாதிரி. ஆனால் அந்தப் பட்டியலில் "கோர்" என்று வெறும் பெயராக ஒன்றும் இருக்கிறது. யூனிக்ஸில் நிரல் செத்துவிழும்போது எழுதிவைக்கும் கோப்பின் பெயர் அது. கடைசியில் சாய்கோடு இல்லை, ஆகவே கோர் என்ற ஃபோல்டரையும் பிடிக்கும். வேர்ட்பிரஸ் போலவே தளம் நடத்த உதவும் ட்ரூபலில், 8ஆம் பதிப்பு முதல், அந்த மென்பொருளின் அடிப்படை நிரல் முழுவதும் இருப்பது கோர் என்ற ஃபோல்டரில்தான். சி தெரிவோடு ட்ரூபல் தளத்தை அனுப்பினால் தளத்தின் உயிரைத் தவிர மற்றதெல்லாம் போய்ச் சேரும். நான் அந்தத் தெரிவைத் தொடுவதில்லை; நாலு வரி கையால் எழுதினால் என்ன நிற்கிறது என்று கண்ணால் பார்க்கலாம்.

விதிகள் பத்துக்கு மேல் போனால் தனிக் கோப்பில் எழுதி, எக்ஸ்க்ளூட்-ஃப்ரம் தெரிவால் காட்டலாம். பெரிய எஃப் தெரிவு கொடுத்தால் ஒவ்வொரு ஃபோல்டருக்குள்ளும் இருக்கும் ".ஆர்சிங்க்-ஃபில்டர்" கோப்பை ஆர்சிங்க் தானே தேடிப் படிக்கும். எதை அனுப்புவது என்று பெயர் பெயராகக் கொடுக்க ஃபைல்ஸ்-ஃப்ரம் இருக்கிறது. அதில், ஆர்க்கைவ் தெரிவு கொடுத்திருந்தாலும் ஃபோல்டருக்குள் தானாக இறங்காது. அதைத் தனியாகச் சொல்ல வேண்டும். நாளைக்குப் புதிதாக வரும் கோப்பும் பட்டியலில் இருக்காது. தினமும் வளரும் தளத்துக்கு அது ஒத்துவராது.

சர்வர் முழுவதையும் நகலெடுக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. ப்ரொக், சிஸ், டெவ், ரன் இந்த நாலு ஃபோல்டர்களும் டிஸ்கில் இருப்பவை அல்ல, சர்வர் ஓடும்போது மட்டும் நினைவகத்தில் இருப்பவை. ப்ரொக்குக்குள் கேகோர் என்ற கோப்பு, வழக்கமான 64 பிட் லினக்ஸில், தன் அளவு 128 டெராபைட் என்று சொல்லும்! விலக்கும்போது "/ப்ரொக்/" என்று எழுதாமல் "/ப்ரொக்/*" என்று எழுதுங்கள். உள்ளே இருப்பவை நின்று, காலி ஃபோல்டர் மட்டும் போகும். புதிய சர்வர் எழும்போது மவுண்ட் செய்ய, அதாவது அதற்குரியதை அங்கே இணைக்க, அந்தக் காலி ஃபோல்டர் வேண்டும். ஹோஸ்ட்நேம், மெஷின்-ஐடி, எஃப்எஸ்டேப், எஸ்எஸ்எச்சின் ஹோஸ்ட் சாவிகள் இவையெல்லாம் அந்தந்த இயந்திரத்துக்குச் சொந்தமானவை, அவையும் விலக்குப் பட்டியலில் வர வேண்டும்.

ஓட்டுவதற்கு முன்னால்

டிரை-ரன் என்று ஒரு தெரிவு உண்டு. சிறிய என் போட்டாலும் அதுதான். எதையும் மாற்றாமல், ஓட்டியிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று மட்டும் காட்டும். கூடவே சிறிய ஐ சேர்த்தால் கோப்புக்கு ஒரு வரி வரும். "*டிலீட்டிங்" என்று தொடங்கும் வரிகளை முதலில் படியுங்கள். எதிர்பாராத பெயர் ஒன்று அங்கே இருந்தால் மற்றதைப் பார்க்கவே வேண்டாம், நிறுத்திவிட்டு விதிக்குத் திரும்புங்கள். ஒரு கோப்பு ஏன் போகவில்லை என்று புரியவில்லையா? சிறிய வி இரண்டு தடவை கொடுங்கள். இந்தக் கோப்பை இந்த விதியால் மறைக்கிறேன், இதை இந்த விதியால் காக்கிறேன் என்று பெயரோடு சொல்லிவிடும். விதியை வெறித்துப் பார்த்துக்கொண்டு உட்காருவதைவிட இது மேல்.

விதியெல்லாம் சரியாக இருந்தும் கவிழும் இடம் ஒன்று உண்டு. முதல் சர்வரில் படங்கள் தனி டிஸ்கில் இருக்கின்றன. மறுதொடக்கத்துக்குப் பிறகு அந்த டிஸ்க் மவுண்ட் ஆகவில்லை. ஃபோல்டர் இருக்கிறது, உள்ளே ஒன்றும் இல்லை. படிப்பதில் பிழை வந்தால் ஆர்சிங்க் தானாகவே அழிப்பதை நிறுத்திக்கொள்ளும், ஆனால் காலி ஃபோல்டரைப் படிப்பது பிழையே இல்லையே. டிலீட்டோடு ஓடினால் இரண்டாவது சர்வரில் இருக்கும் படங்களும் காலி. மேக்ஸ்-டிலீட் தெரிவில் ஒரு எண் கொடுத்து வைத்தால் அந்த எண்ணிக்கைக்கு மேல் அழிக்காது. மூல ஃபோல்டரில் ஒரு அடையாளக் கோப்பை வைத்து, அது இருந்தால் மட்டும் ஓடும்படி ஸ்கிரிப்ட் எழுதுவதும் நல்ல வழக்கம். எப்படியிருந்தாலும் பேக்கப் தனியாக வேண்டும். ரெப்ளிகேஷன் தப்பையும் அதே வேகத்தில்தான் கொண்டுபோகும்.

விதியை மாற்றும்போது

பட்டியல் ஒருமுறை எழுதி முடிகிற விஷயம் இல்லை. ஆறு மாதம் கழித்து "வீடியோ ஃபோல்டரை இனி அனுப்ப வேண்டாம்" என்று ஒரு விலக்கு வரியைச் சேர்க்கிறீர்கள். ஏற்கெனவே போன வீடியோக்கள் இரண்டாவது சர்வரில் அப்படியே கிடக்கும், ஏனென்றால் இப்போது அவை காவலில் இருக்கின்றன. முதல் சர்வரில் அழித்தாலும் அங்கே அழியாது. இடத்தை அடைத்துக்கொண்டு பழசாகிக்கொண்டே இருக்கும். வேண்டாம் என்றால் ஒருமுறை கையால்தான் அழிக்க வேண்டும்.

வரியை நீக்குவது இதைவிட ஆபத்து. "லாக்ஸ்" ஃபோல்டரைக் காத்துக்கொண்டிருந்த விலக்கு வரியைப் பட்டியலைச் சுத்தப்படுத்தும் சாக்கில் யாரோ எடுத்துவிடுகிறார்கள். மறைத்ததும் காத்ததும் ஒரே வரிதான், ஆகவே இரண்டும் ஒன்றாகப் போகின்றன. அடுத்த ஓட்டத்தில் முதல் சர்வரின் லாக்குகள் வந்து இறங்கும். ஒரே பெயரில் இருந்தவை அழித்து எழுதப்படும். இரண்டாவது சர்வரில் மட்டும் இருந்தவை, முதல் சர்வரில் இல்லை என்ற காரணத்தால், டிலீட்டுக்கு இரையாகும். ஆகவே வரியைச் சேர்த்தாலும் எடுத்தாலும் குறித்த நேரத்தில் ஆர்சிங்க்கைத் தானாக ஓட்டும் கிரானை முதலில் நிறுத்துங்கள். டிரை-ரன்னை டிலீட்டோடு ஓட்டி, "*டிலீட்டிங்" வரிகளைப் பழைய விதியின் கீழ் வந்தவற்றோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அப்புறம் கிரானைத் திறந்துவிடலாம்.